வேப்பம் பிண்ணாக்கு ‘அல்லது’ கடலைப் பிண்ணாக்கு

மஞ்சளுக்கு அடியுரமாக ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரமும், 200 கிலோ வேப்பம் பிண்ணாக்கு அல்லது கடலைப் பிண்ணாக்கும் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த வரியைப் பல வருஷமாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இந்தச் சித்திரையில் பிண்ணாக்குக் கடையில் நின்றபோதுதான் அந்த ‘அல்லது’ உறுத்தியது.

“வேம்புங்களா, கடலைங்களா?” என்றார் கடைக்காரர். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தது: “செக்குல ஆட்டுனதுங்களா, சால்வென்ட்டுங்களா? செக்குன்னா எண்ணெய் நிக்கும்ங்க. மண்ணுக்கு நல்ல சத்து. கிலோவுக்குக் கொஞ்சம் சேத்திக் குடுக்கோணும்.”

எண்ணெய் நிற்கும் என்பது உண்மை. மரச்செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் எண்ணெய் தங்கும். எக்ஸ்பெல்லர் இயந்திரத்தில் பிழிந்தது என்றால் 6 முதல் 8 வரை. ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றிக் கழுவி எடுக்கும் சால்வென்ட் ஆலைப் பிண்ணாக்கில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் மிஞ்சும். ‘மண்ணுக்கு நல்ல சத்து’ என்பதில்தான் எனக்கு வழக்கு. அன்றைக்கு மூட்டை ஏற்றாமல், ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என்னை மாடித்தோட்டக்காரன் என்று நினைத்திருப்பார்.

எண்ணெய் என்பது கரி (கார்பன்), ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த பொருள். தழைச்சத்து (நைட்ரஜன்) அதில் இல்லை, மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லை, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இல்லை. பிண்ணாக்கில் நாம் தேடும் தழைச்சத்து முழுவதும் புரதத்தில் இருக்கிறது. எண்ணெயைப் பிழிந்தாலும் கழுவினாலும் புரதம் சக்கையோடேயே தங்கிவிடும். ஆகவே ஒரே விதையிலிருந்து வந்த இரண்டு பிண்ணாக்கை எடைக்கு எடை நிறுத்தால், எண்ணெய் எடுத்ததில் தழைச்சத்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே இருக்கும். அதிக விலை கொடுத்துக் குறைந்த தழைச்சத்தை வாங்குகிறோம். மாட்டுக்கு என்றால் கதை வேறு. எண்ணெயை அது பாலாக்கும். மண் என்ன ஆக்கும் என்று பார்க்கத்தான் அந்த இரண்டிரண்டு கிலோ.

புதைத்துப் பார்த்தது

பழைய கொசுவலையைக் கிழித்து, ஒவ்வொரு பிண்ணாக்கிலும் ஒரு கைப்பிடி வைத்து முடிச்சுக் கட்டினேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், ஒரு சாண் ஆழத்தில், முடிச்சுக்கு முடிச்சு நாலடி விட்டுப் புதைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தேன். ஆய்வுக்கூடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நாலாம் நாள் செக்குக் கடலைப் பிண்ணாக்கைத் தோண்டியபோது முடிச்சு கையில் வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளை நூல் நூலாகப் பூசணம், பஞ்சுமிட்டாய் மாதிரி. மூக்கில் கெட்டுப்போன எண்ணெய்ப் பலகார வாசம். கொஞ்சம் கிள்ளிச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் பஜ்ஜி சுற்றிய தாள் போலக் கண்ணாடிக் கறை விழுந்தது. பத்தாம் நாள் கறை சிறுத்துவிட்டது; மூத்திர வாடை போன்ற அமோனியா நெடி அடித்தது. இருபதாம் நாள் கறையே இல்லை. கறுப்புத் தூளாக உதிர்ந்தது. சால்வென்ட் முடிச்சிலோ முதல் நாளிலிருந்தே கறை இல்லை. அமோனியா நெடியும் நாலாம் நாளே வந்துவிட்டது.

அந்த இருபது நாளில் உள்ளே நடந்தது இது. எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது கிளிசரின் என்ற ஒரு சிறு தண்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. மண்ணிலிருக்கும் பாக்டீரியாவும் பூசணமும் லிப்பேஸ் என்ற நொதியைச் சுரந்து, சங்கிலிகளைத் தண்டிலிருந்து அறுக்கின்றன. கிளிசரின் சர்க்கரை மாதிரி, வந்த வேகத்தில் தின்று தீர்ந்துவிடும். சங்கிலியைத் தின்பதற்குத்தான் நேரம். நுனியிலிருந்து இரண்டிரண்டு கரியணுவாக நறுக்கிக்கொண்டே வரவேண்டும். கடலையெண்ணெயிலும் வேப்பெண்ணெயிலும் அதிகமுள்ள ஒலிக் அமிலத்துக்கு 18 கரி, ஒன்பது துண்டு. ஒவ்வொரு துண்டும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது, அல்லது நுண்ணுயிரின் உடம்பாகிறது.

சுண்ணாம்பு மண்ணில் ஒரு சிக்கல் வரும். அறுபட்ட கொழுப்பு அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத சோப்பாகிவிடும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிராகத் திரிவதைத் தினமும் பார்க்கிறோம்; அதேதான். திரிந்ததை நுண்ணுயிர் தின்னும், ஆனால் மெதுவாக. ஓடைக்கல் என்னும் சுண்ணாம்புக் கல் நிறைந்த காட்டில் (விளைநிலத்தைத்தான் காடு என்போம்) போட்ட செக்குப் பிண்ணாக்கு வெள்ளை வெள்ளையாக நெடுநாள் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயைத் தின்று பெருகும் நுண்ணுயிருக்கு உடம்பு கட்டத் தழைச்சத்து வேண்டும். எண்ணெயில் அது இல்லாததால் மண்ணிலிருந்தும் பிண்ணாக்கின் புரதத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டேன். 100 கிலோ செக்குப் பிண்ணாக்கில் 10 கிலோ எண்ணெய், அதில் சுமார் 7.7 கிலோ கரி. அதில் ஐந்தில் இரண்டு பங்கு உடம்பாகிறது, உடம்பில் எட்டுக் கரிக்கு ஒரு தழை என்று வைத்தால் பிடித்துவைக்கும் தழைச்சத்து 400 கிராமுக்குள்தான். கடலைப் பிண்ணாக்கில் 100 கிலோவுக்கு 7.3 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதில் நானூறு கிராம் சில வாரம் கடன் போனால் குடி முழுகாது. நுண்ணுயிர் சாகும்போது திரும்பி வந்துவிடும். 2.5 கிலோ மட்டுமே உள்ள இலுப்பைப் பிண்ணாக்கில் அதே நானூறு கிராம் ஆறில் ஒரு பங்கு. அங்கேதான் உறைக்கும்.

இடம் தப்பினால் எண்ணெய் விஷம்

பரிந்துரைப்படி மஞ்சளுக்கு ஏக்கருக்கு 80 கிலோ. செக்கு என்றால் எண்ணெய் 8 கிலோ. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் ஏறத்தாழ 900 டன். கடைசி உழவில் தூவிக் கலந்துவிட்டால் கிலோ மண்ணுக்கு 9 மில்லிகிராம் எண்ணெய். இல்லை என்றே சொல்லிவிடலாம். செக்கா, சால்வென்ட்டா என்ற விவாதமே அங்கே வீண்.

வாழைக்குக் குழியில் போடும்போது கதை மாறுகிறது. குழிக்குக் கால் கிலோ, அதில் 25 கிராம் எண்ணெய், அது தொடும் மண் பத்துப் பன்னிரண்டு கிலோ. இப்போது கிலோ மண்ணுக்கு 2 கிராம். தூவியதைவிட இருநூறு மடங்கு. ஒரு கிலோ எண்ணெய் முழுக்க எரிய 2.9 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 25 கிராமுக்கு 72 கிராம். அதைக் காற்றாகக் கணக்கிட்டால் சுமார் 270 லிட்டர்; இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் பதின்மூன்று கேன் நிறையக் காற்று. அந்தக் குழி மண்ணின் இடுக்குகளில் ஒரு நேரத்தில் இருப்பதோ இரண்டு மூன்று லிட்டர். மண் நூறு தடவை மூச்சு வாங்கவேண்டும். மெதுவாக வாங்கினால் சரி. கன்று நட்ட கையோடு பிண்ணாக்கையும் கொட்டித் தண்ணீரைத் தேக்கிவிட்டால் வேர் மூச்சுத் திணறும். புளித்த வாடை வரும். சூடும் அமோனியாவும் சேர்ந்துகொள்ளும். மூன்று வருஷத்துக்கு முன் என் வாழையில் முப்பது கன்று மஞ்சளித்து நின்றதை நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். தோண்டியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆகவே குழிக்குப் போடுவதானால் சால்வென்ட் பிண்ணாக்கு. செக்குத்தான் கிடைக்கிறது என்றால் பொடித்து, மண்ணோடு கலந்து, நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால். கட்டியாகப் போடவே கூடாது.

நெல்லுக்கு ஒரு வார்த்தை. சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் அங்கே எண்ணெயைச் சிதைப்பது வேறு கூட்டம். ஒரு வகை பாக்டீரியா கொழுப்பு அமிலத்தை நறுக்கிக் கொடுக்க, இன்னொன்று அதை மீத்தேனாக்குகிறது. கணக்குப்படி ஒரு கிலோ எண்ணெயிலிருந்து 700 கிராமுக்கு மேல் மீத்தேன் வரலாம். பயிருக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத வேலை. நெல் வயலுக்குச் செக்குப் பிண்ணாக்கைப் பணம் கொடுத்து வாங்கிப் போடுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

வேம்பில் எல்லாம் தலைகீழ்

இதுவரை சொன்னது கடலைக்கு. வேம்பில் எண்ணெயோடு கூட வரும் கசப்புத்தான் சரக்கு. 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கில் தழைச்சத்து 5.2 கிலோ, கடலையில் 7.3. ஹெக்டேருக்கு 200 கிலோ என்று பார்த்தால் வித்தியாசம் 4.2 கிலோ. ஒரு யூரியா மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கு. தழைச்சத்துக்காக இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது மூட்டைக் கூலிக்குக்கூடக் கட்டாது. ‘அல்லது’ என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

வேம்பின் கசப்பு லிமனாய்டு என்ற குடும்பத்தது: அசாடிராக்டின், சலானின், நிம்பின் என்று நீளும். இவையும் செடி தன் கொழுப்புப் பொருள் தயாரிக்கும் வழியில் செய்பவைதான். ஆனால் எண்ணெய்ச் சங்கிலி போல நீட்டாக இல்லாமல் வளையம் வளையமாகப் பின்னியவை. லிப்பேஸ் இங்கே ஒன்றும் செய்யமுடியாது. பின்னலை அவிழ்க்கச் சில நுண்ணுயிர்களால்தான் முடியும், அதற்கும் நாளாகும். அசாடிராக்டினை மண்ணில் இட்டு அளந்திருக்கிறார்கள்: 15 டிகிரி வெப்பத்தில் பாதியாகச் சுமார் 44 நாள், 25 டிகிரியில் சுமார் 20 நாள். மண்ணை அவித்து நுண்ணுயிரைக் கொன்றுவிட்டால் இன்னும் நீளும். சிதைப்பது யார் என்பதற்கு அதுவே சாட்சி. நம் மண் வைகாசியில் 25 டிகிரியில் எங்கே இருக்கிறது? முப்பதைத் தாண்டிக் கிடக்கும். காரத்தன்மையும் அதற்கு ஆகாது. கார அமில நிலை 8க்கு மேலுள்ள களர் நிலத்தில் அசாடிராக்டின் தானாகவே உடையும். வெயில் பட்டாலும் உடையும். ஆகவே வேப்பம் பிண்ணாக்கை மேலாகத் தூவிவிட்டுப் போவது பாதிச் சரக்கை வெயிலுக்குத் தானம் பண்ணுவது.

வாங்கும்போது கேட்கவேண்டியது, இந்தக் கசப்பு பிண்ணாக்கில் இருக்கிறதா என்பது. நானும் எல்லாரையும் போல, எண்ணெய் எடுத்துவிட்டால் கசப்பும் போச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஹெக்சேன் எண்ணெயையும், எண்ணெயில் நன்றாகக் கரையும் நிம்பின், சலானின் வகையறாவையும் கூட்டிக்கொண்டு போகிறது. அசாடிராக்டின் ஹெக்சேனில் அவ்வளவாகக் கரையாது. பெரும்பகுதி சக்கையிலேயே நின்றுவிடும். பூச்சிமருந்து செய்கிறவர்கள் அதனால்தான் எண்ணெய் எடுத்த சக்கையை வாங்கி, மெத்தனாலில் இரண்டாம் தடவை கழுவி அசாடிராக்டினை எடுக்கிறார்கள். அந்த இரண்டாம் கழுவலும் முடிந்த சக்கையும் ‘வேப்பம் பிண்ணாக்கு’ என்ற பெயரில் மூட்டையில் வரலாம். அதில் தழைச்சத்து இருக்கும், வேம்பு இருக்காது.

ஆக வேம்பில் மூன்று சரக்கு. செக்கு: எல்லாக் கசப்பும், எண்ணெயும். ஒரு கழுவல்: எண்ணெய் இல்லை, அசாடிராக்டின் உண்டு. இரு கழுவல்: வெறும் உரம். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை வைத்தால் மூன்றாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலிரண்டையும் பிரிக்கத் தாளில் அழுத்திப் பார்த்தால் போதும். இன்னொன்றும் பார்க்கவேண்டும்: கொட்டையை ஓட்டோடு ஆட்டியதா, பருப்பை மட்டும் ஆட்டியதா. ஓடு கலந்ததில் தழைச்சத்து அந்த 5.2ஐத் தொடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மண் கலப்படம் அடியில் தங்கும். என்னிடம் ஒரு தடவை அரை விரற்கடைக்குத் தங்கியது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை.

கசப்பு மண்ணில் செய்யும் வேலை இரண்டு. ஒன்று, வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைப்பது. மஞ்சளுக்கும் வாழைக்கும் இதுதான் பெரிய லாபம். மற்றது, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியாவின் கையைக் கொஞ்ச நாள் கட்டிப்போடுவது. நைட்ரேட் தண்ணீரோடு ஓடிவிடும். அமோனியா களிமண்ணில் ஒட்டி நிற்கும். நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015இல் வேப்பெண்ணெய் பூசச் சொன்னதன் பின்னாலிருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதில் பூசுவது எவ்வளவு தெரியுமா? குறைந்தபட்ச அளவு 0.035 சதவீதம். 45 கிலோ மூட்டைக்குப் பதினாறு கிராம், ஒரு மேசைக்கரண்டி. 80 கிலோ செக்கு வேப்பம் பிண்ணாக்கில் எட்டு கிலோ வேப்பெண்ணெய் இருக்கிறது. யூரியாவோடு பிண்ணாக்கையும் கலந்து ஒரு நாள் வைத்திருந்து போடும் பழைய வழக்கம் அர்த்தமில்லாமல் வரவில்லை.

வேம்பில் நாம் வாங்குவது மூன்று முதல் ஆறு வாரக் காவல். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர். அடியுரமாக ஒரே தடவை போட்டதை வைத்து ஐப்பசியில் வரும் நூற்புழுவைத் தடுக்கமுடியாது. இரண்டாகப் பிரித்து, பாதியை மண் அணைக்கும்போது போடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இப்போது நினைக்கிறேன். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு மரத்துக்கு வருஷம் 5 கிலோ என்று சொல்வதையும் அதே மாதிரி இரண்டு தவணையாக்கலாம்.

மற்ற மூன்று, சுருக்கமாக

புங்கம் பிண்ணாக்கு வேம்புக்குத் தம்பி. தழைச்சத்து 3.9. இதில் கரஞ்சின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் நைட்ரேட் ஆவதைத் தடுக்கும். வேம்பு கிடைக்காதபோது, அல்லது கலப்படத்தில் மனம் வெறுத்தபோது, இதைத் தயங்காமல் வாங்கலாம். மாடு முகர்ந்துகூடப் பார்க்காது என்பதால் தீவனக்காரர்களோடு ஏலப்போட்டி இல்லை.

ஆமணக்குப் பிண்ணாக்கில் தழைச்சத்து 4.3, மணிச்சத்து 1.8. எண்ணெயில் பத்துக்கு எட்டொன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். நச்சான ரிசின் எண்ணெயில் இல்லை. அது புரதம், சக்கையில்தான் தங்கும். மண்ணுக்குள் மற்றப் புரதம் போல அதுவும் சிதைந்துவிடும். அதற்கு முன் நாய் தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நல்ல வேட்டை நாய் இப்படித்தான் போனது. நாயும் ஆடும் திரிகிற இடத்தில் எனக்கு இது வேண்டாம்.

இலுப்பை. தழைச்சத்து 2.5தான். சப்போனின் நிறைய, தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்களுக்கு அந்த நுரை தெரியும். மீன் குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல லிட்டருக்கு 250 மில்லிகிராம் கணக்கில் இதைத்தான் கரைப்பார்கள். மண்ணில் போட்டால் மண்புழு மேலே வந்து நெளியும். சப்போனின் தண்ணீரில் கரைவதால் செக்கு, சால்வென்ட் என்ற பேதமும் இங்கே உதவாது. மண்புழு பிடித்த காட்டில் இதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

ஆலைக் கழிவு: எண்ணெயல்ல, மெழுகு

மூட்டைப் பிண்ணாக்குக்குப் பதிலாக டிராக்டர் லோடில் கரும்பாலைக் கழிவை இறக்கிவிடலாமே என்று மைத்துனர் சொன்னார். பிரஸ்மட். கரும்புச்சாற்றைத் தெளியவைத்து வடிகட்டும்போது நிற்கும் கறுப்புச் சேறு. நூறு டன் கரும்புக்கு மூன்று நாலு டன் வரும். மலிவு, சத்தும் உண்டு. இதை ஒப்பிடாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஆனால் கொழுப்புப் பொருள் என்ற கண்ணால் பார்த்தால் இது முற்றிலும் வேறு சாதி.

ஒரு கரும்பை எடுத்து, கணுவுக்குக் கீழே கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடர் ஒட்டும். அதுதான் மெழுகு. வெயிலிலும் தண்ணீர் போகாமல் கரும்பு தனக்குப் பூசிக்கொள்ளும் கவசம். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்தாக உருள்வதும் மெழுகால்தான். ஆலையில் பிழியும்போது அந்த மெழுகு சாற்றோடு வந்து, வடிகட்டியில் நின்று, பிரஸ்மட்டில் சேர்ந்துவிடுகிறது. உலர்ந்த எடையில் 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்.

நாலு டன் ஈரப் பிரஸ்மட் ஒரு ஏக்கருக்கு. அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், காய்ந்தால் 1.2 டன். மெழுகு எட்டு சதவீதம் என்றால் 96 கிலோ. செக்குப் பிண்ணாக்கில் வந்த எண்ணெய் எட்டு கிலோ. பன்னிரண்டு மடங்கு. அதுவும் எண்ணெய் போல இருபது நாளில் மறைகிற பொருளல்ல. கரும்பு மெழுகில் அதிகம் இருப்பது 28 கரி நீளமுள்ள ஆல்கஹாலும் அதன் உறவுகளும். அறுத்தெடுக்க கிளிசரின் தண்டு இல்லை. உருகுநிலை 75 டிகிரிக்கு மேல் என்பதால் நம் அக்னி நட்சத்திரத்திலும் கல்லாகவே கிடக்கும். எண்ணெய் திரவமாக இருப்பதால் பரவி நுண்ணுயிருக்கு எங்கும் வாய் கொடுக்கும். மெழுகுத் துணுக்கில் மேற்பரப்பை மட்டும்தான் சுரண்டமுடியும்.

எவ்வளவு மெதுவாக என்றால், கோதாவரி கடலில் சேரும் இடத்துக்கு அப்பால் வங்கக் கடலடியில் எடுத்த வண்டலில் கடந்த பத்தாயிரம் வருஷத்து இலை மெழுகு இருக்கிறது. அதன் கரியை ஆராய்ந்து, தீபகற்பம் எப்போது வறண்டது என்று 2012இல் எழுதினார்கள். ஆனால் இதை வைத்து ‘மெழுகு போட்டால் மண்ணில் கரி நிலைக்கும்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கடலடியில் ஆக்சிஜன் எட்டாத வண்டலில் களிமண் அதை மூடிக் காத்தது. உழுத காட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கெட்டியான மூலக்கூறு என்பதாலேயே ஒன்று மண்ணில் நிலைக்காது, சூழலும் களிமண் பிடிப்புமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்று 2011இல் நேச்சர் இதழில் மண் அறிவியலாளர்கள் கூடி எழுதினார்கள்; பழைய பாடப்புத்தகம் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் காட்டில் மெழுகு சில வருஷம் நிற்கும், மெல்லத் தேயும். அந்தச் சில வருஷம் என்ன தொல்லை கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

தொல்லை தண்ணீரில். பச்சைப் பிரஸ்மட்டை அப்படியே கொட்டினால் மண் துகளில் மெழுகு பூசி, தண்ணீர் இறங்கத் தயங்கும். செம்மண்ணிலும் மணல்சாரியிலும் கண்ணால் பார்க்கலாம். காய்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எண்ணவேண்டும். ஐந்து விநாடிக்குள் உறிஞ்சினால் நல்ல மண். அதற்கு மேல் முத்தாக நின்றால் மண் தண்ணீரை வெறுக்கிறது என்று அர்த்தம். மைத்துனர் போன வருஷம் நேரடியாகக் கொட்டிய காட்டின் மூலையில் விட்டுப் பார்த்தேன். பதினேழு எண்ணினேன். வரப்போரம் எதுவும் போடாத மண்ணில் சொட்டு விழுந்த தடம்கூட இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, “அதான் வாய்க்கா மடைய ரண்டு தடவ திருப்ப வேண்டியிருக்குதா” என்றார்.

மட்கவைத்தால் இது தீரும். குவித்து, சாணக் கரைசல் தெளித்து, மூன்று நாலு மாதம் கிளறிவிட்டால் பூசணங்கள் மெழுகின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மெழுகிலேயே ட்ரையகான்டனால் என்ற 30 கரி ஆல்கஹாலும் கொஞ்சம் உண்டு. பயிர் ஊக்கி என்று சிறு புட்டியில் விலைக்கு விற்கிறார்களே, அதே பொருள். குவியலில் இருப்பதை வைத்துப் புட்டிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று கனவு காணவேண்டாம்; பூசணம் அதையும் சேர்த்துத்தான் தின்னும்.

ஆனி முதல் வாரம் கடைக்குப் போனேன். மஞ்சளுக்கு ஏக்கருக்கு 80 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, செக்கு. நாக்கிலும் தாளிலும் பார்த்து எடுத்தது. பாதி அடியுரமாகப் போய்விட்டது. மீதி ஆவணியில் மண் அணைக்கும்போது போடக் கொட்டகையில் நிழலில் இருக்கிறது. புதிய வாழைக்குக் கடலை சால்வென்ட், குழிக்குக் கால் கிலோ, நடுவதற்கு இரண்டு வாரம் முன். செக்குக் கடலைப் பிண்ணாக்கில் ஒரு மூட்டை வாங்கினேன், அது எருமைக்கு. கடைக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, “மண்ணுக்கு நல்லதுன்னு சொன்னனே, எருமைக்குங்களா?” என்றார்.

பிரஸ்மட் ஒரு லோடு இறக்கிக் கிணற்று மேட்டில் குவித்து, தென்னை மட்டையால் மூடியிருக்கிறது. இரண்டு தடவை கிளறியாயிற்று. ஐப்பசியில் ஒரு கைப்பிடி காயவைத்துச் சொட்டு விட்டுப் பார்ப்பேன். ஐந்துக்குள் இறங்கினால் காட்டுக்குப் போகும். இல்லையென்றால் இன்னொரு கிளறல்.